பூட்டிய அரங்கு: ஒரு இத்தாலிய வெட்டுப்படத்தைச் சிவகாசியிலிருந்து வாசித்தல்

1

கொலைப்படம், பேய்ப்படம் என்று ஆரம்பித்தாலே நம் சிறுபத்திரிகை வாசகர்களில் பாதிப்பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். கலைப்படம், வணிகப்படம் என்கிற பிரிவினையை எவ்வளவோ கட்டுடைத்துப் பார்த்தாயிற்று. ஆனாலும் 'குப்பை' என்று ஒரு மூன்றாவது அறை இருக்கிறது. அதற்குள் யாரும் போவதில்லை. குறைந்த காசில், ஒரே கட்டடத்துக்குள், பத்துப் பன்னிரண்டு நடிகர்களை வைத்து எடுக்கப்பட்டு வீடியோ கேசட்டுகளில் ஊர் ஊராகச் சுற்றிய படங்கள் அந்த அறையில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து விரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. படத்தின் இத்தாலியப் பெயர் 'டெலிரியா'. ஆங்கிலத்தில் 'ஸ்டேஜ்ஃப்ரைட்', மேடைப்பயம். ஆண்டு 1987. மிக்கேலே சோவாவி இயக்கிய முதல் கதைப்படம். தயாரித்தவர் ஜோ டமாட்டோ, மலிவுப்படங்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டிருந்தவர்.

சரி, அதற்கும் விருதுநகர் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? 'எங்கேயோ இத்தாலிக்காரன் எடுத்த படத்தை இங்கே ஏன் இழுத்துட்டு வர்றீங்க' என்று சிவகாசி அச்சக நண்பர் ஒருவரும் கேட்டார். கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'கதவைப் பூட்டுனவன் யாரு? அவனை என்ன செஞ்சாங்க?' என்று கேட்டார். கொலைகாரனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பிரதியை எந்த ஊரில் உட்கார்ந்து வாசிக்கிறோம் என்பது வாசிப்பை மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. இந்தப் படத்தைப் பற்றி நான் வாசித்திருக்கிற விமர்சனங்கள் கொலைகாரனின் ஆந்தை முகமூடியையும், ரத்தத்தையும், ஒளியமைப்பையும் பேசுகின்றன. பூட்டு பேசப்படவில்லை.

2

முதலில் இந்த வகைப் படங்களின் இலக்கணத்தைச் சொல்லிவிட வேண்டும். 'ஸ்லாஷர்' என்று அழைக்கப்படும் இவற்றை வெட்டுப்படம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஒரு கொலைஞன், பெரும்பாலும் முகமூடி போட்டவன். கையில் கத்தி, கோடாலி, ரம்பம் என்று கைக்கருவி. துப்பாக்கி அபூர்வம், ஏனென்றால் இங்கே சாவு தூரத்திலிருந்து வரக்கூடாது, உடலை உடல் நெருங்கித்தான் நடக்க வேண்டும். வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட ஓர் இடம். இளவயசுக் கூட்டம் ஒன்று. ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். கடைசியில் ஒரு பெண் மிஞ்சுகிறாள்.

இதன் முன்னோர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960). இன்னொரு பக்கம் இத்தாலியின் 'ஜியாலோ' படங்கள். ஜியாலோ என்றால் மஞ்சள். 1929 முதல் மொண்டதோரி பதிப்பகம் மஞ்சள் அட்டை போட்டு வெளியிட்ட துப்பறியும் நாவல்களிலிருந்து வந்த பெயர். நம் ஊர் பாக்கெட் நாவல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1964இல் மரியோ பாவா எடுத்த படத்தில் ஓர் ஆடை அலங்கார நிலையத்துக்குள் முகம் மறைத்த கொலைஞன் அழகிகளை ஒவ்வொருத்தியாகக் கொல்கிறான். அமெரிக்காவில் ஜான் கார்பென்டர் 1978இல் ஏறத்தாழ மூன்றேகால் லட்சம் டாலரில் எடுத்த 'ஹாலோவீன்' கோடிக்கணக்கில் வசூலித்த பிறகு, இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. ஒரு வீடு, ஒரு முகமூடி, ஒரு கத்தி: முதலீடு குறைவு, வரவு அதிகம். பயம் என்பது மலிவான மூலப்பொருள்.

இந்தப் படங்களைக் கோட்பாட்டு ரீதியாக அணுகியவர்களில் முக்கியமானவர் கேரல் குளோவர். 1992இல் வந்த அவருடைய புத்தகம், மிஞ்சுகிற அந்தப் பெண்ணைக் 'கடைசிப் பெண்' என்று அழைக்கிறது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் விடலைப் பையன்கள் கொலைஞனோடு மட்டும் ஒன்றிப்போவதில்லை, ஓடுகிற, ஒளிகிற, கடைசியில் திருப்பி அடிக்கிற அந்தப் பெண்ணோடும் ஒன்றிப்போகிறார்கள் என்பது அவர் வாதம். ஆண் பார்வை, பெண் உடல் என்ற நேர்கோட்டை இது குழப்பிவிடுகிறது. வாதம் வலுவானதுதான். ஆனால் யார் பார்க்கிறார்கள், யார் வெட்டப்படுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளோடு அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்த இளசுகள் ஏன் அங்கே இருக்கிறார்கள், ஏன் வெளியே போகமுடியவில்லை என்பது கேட்கப்படுவதில்லை. பெரும்பாலான வெட்டுப்படங்களில் அவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள், கூத்தடிக்க வந்தவர்கள். 'டெலிரியா'வில் அப்படியில்லை. அவர்கள் வேலைக்கு வந்தவர்கள்.

3

படம் தொடங்கும்போது ஒரு தெரு. இரவு. ஒரு பெண். இருட்டிலிருந்து ஆந்தைத்தலை மனிதன் பாய்கிறான். நாம் பதறுகிறோம். அக்கம்பக்கத்தவர்கள் ஓடிவருகிறார்கள், ஓடிவந்தவர்கள் ஆட ஆரம்பிக்கிறார்கள். காமிரா பின்வாங்க, அது மேடை, அது ஒத்திகை என்று தெரிகிறது. முதல் நிமிடத்திலேயே நம் பயத்தைக் கேலி செய்துவிட்டுத்தான் படம் மேலே போகிறது. இனி உண்மையான கொலை வந்தாலும் நம்பாதே என்று பழக்கிவைக்கிறது.

ஒத்திகையில் கதாநாயகி அலிசியாவுக்குக் கால் பிசகிவிடுகிறது. உடை பார்த்துக்கொள்ளும் பெண் அவளை அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். அது மனநோய் மருத்துவமனை. அங்கே அடைக்கப்பட்டிருக்கிற முன்னாள் நடிகன் இர்விங் வாலஸ், கொலைகள் செய்தவன், தப்பித்து அவர்கள் காரிலேயே அரங்குக்கு வந்துவிடுகிறான். திரும்பியதும் ஒத்திகையை விட்டுப் போனதற்காக அலிசியாவுக்கு வேலை போகிறது. உடைக்காரப் பெண்ணுக்கு உயிர் போகிறது. போலீஸ் வருகிறது, பிணத்தை எடுத்துப்போகிறது, இரண்டு போலீஸ்காரர்களைக் காவலுக்கு விட்டுச்செல்கிறது.

இங்கேதான் படத்தின் மையம். நாடக இயக்குநர் பீட்டர் யோசிக்கிறான். நாளை எல்லாப் பத்திரிகையிலும் இந்தக் கொலை வரும். இதைவிட விளம்பரம் கிடைக்குமா? நாடகத்தின் கொலைகாரனுக்கு வாலஸ் என்றே பேர் வைத்துவிடலாம், அரங்கேற்றத்தை முன்னே கொண்டுவந்துவிடலாம். ராத்திரி முழுக்க ஒத்திகை. யாரும் ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் கதவைப் பூட்டி, சாவியை ஒளித்துவைக்கும்படி ஒரு நடிகையிடம் சொல்கிறான். வெளியே ஆபத்து இருக்கிறது என்பதற்காகப் பூட்டவில்லை. வேலை நிற்கக் கூடாது என்பதற்காகப் பூட்டினான்.

கொலைஞன் ஏற்கனவே உள்ளே இருக்கிறான். ஆந்தை வேஷத்தை எடுத்து மாட்டிக்கொண்டு மேடைக்கு வருகிறான். சாவி ஒளித்த நடிகைதான் எதிரே நிற்கிறாள். இயக்குநர் கீழே உட்கார்ந்து, 'ம், கழுத்தைப் பிடி, கொல்லு' என்கிற ரீதியில் கட்டளையிடுகிறான். வேஷத்துக்குள் இருப்பது தன் நடிகன் என்றே நினைக்கிறான். அவள் கத்துகிறாள். நடிப்பு பிரமாதம். கத்தி இறங்குகிறது. அவளோடு சாவி இருக்கும் இடமும் செத்துப்போகிறது.

அலறல் நிஜமா நடிப்பா என்று பிரித்தறிய முடியாத இடம் அரங்கு என்பதால்தான் வெட்டுப்படக்காரர்களுக்கு இந்த இடத்தின் மேல் இத்தனை ஆசை என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்னொரு காரணமும் உண்டு: அரங்கு என்பது செலவில்லாத செட். திரைச்சீலை, விளக்கு, பொறிக்கதவு, முகமூடி, ஆணி, சுத்தியல் எல்லாம் ஏற்கனவே அங்கே இருக்கின்றன. ஆனால் என் வாசிப்பில் அந்தக் காட்சி சொல்வது வேறு. அலறல் புரியாமல்போனதற்குக் காரணம் கலையின் மாயம் அல்ல. அலறலை உற்பத்திப்பொருளாக மட்டுமே கேட்கப் பழகிய ஒரு காது அங்கே உட்கார்ந்திருக்கிறது. அது முதலாளியின் காது. ஒரு தொழிலாளியின் வலி அந்தக் காதுக்கு 'நல்ல வேலை' என்றுதான் கேட்கும்.

வெளியே மழையில் நிற்கும் காருக்குள் அந்த இரண்டு போலீஸ்காரர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இளையவர் தனக்கு ஒரு நட்சத்திர நடிகரின் சாயல் இருக்கிறதா என்று மூத்தவரிடம் கேட்கிறார். அந்த இளம் போலீஸ்காரராக நடித்திருப்பது படத்தின் இயக்குநர் சோவாவியேதான். அரசு வாசலில்தான் இருக்கிறது. அதற்கு எதுவும் கேட்கவில்லை. பூட்டப்பட்ட கதவு உள்ளே இருப்பவர்களை அடைப்பதோடு, வெளியே இருப்பவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவித்தும் விடுகிறது.

முடிவுக்கு முன்னால் ஒரு காட்சி. எல்லோரையும் கொன்று முடித்த ஆந்தைத்தலையன் பிணங்களை மேடையில் அலங்காரமாக உட்கார வைத்து, நடுவில் தானும் உட்கார்ந்திருக்கிறான். இறகுகள் பறந்துகொண்டிருக்கின்றன. அவன் காலடியில், மேடைப் பலகைகளின் இடுக்கில் சாவி மின்னுகிறது. மிஞ்சிய அலிசியா பலகைக்கு அடியிலிருந்து அதை எடுக்கப் போராடுகிறாள். அவள் தப்பிக்கிறாள். மறுநாள் அரங்கக் காவலாளியின் குண்டில்தான் கொலைஞன் அடங்குகிறான். அதற்குப் பிறகும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சமிருக்கிறது.

4

தமிழில் இப்படியொரு படம் உண்டா என்று தேடினால், தூய வெட்டுப்படமே இங்கே அபூர்வம். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980), 'நூறாவது நாள்' (1984), 'ஊமை விழிகள்' (1986) என்று ஒரு வரிசை இருக்கிறது. கல்லூரிக்குள் முகமூடிக் கொலைஞன் உலவும் 'விசில்' (2003), அமெரிக்க வெட்டுப்படம் ஒன்றைத் தழுவியது. 'இராட்சசன்' (2018) படத்தின் கொலைஞன் பள்ளிக்கூடங்களில் மாயாஜாலம் காட்டுகிறவன், அதாவது ஒரு மேடைக் கலைஞன். ஆனால் நம் படங்களுக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, போலீஸ்காரன் அல்லது அவனுக்கு நிகரான ஒரு நாயகன். இன்னொன்று, ஃப்ளாஷ்பேக். 'ஏன் கொன்றான்' என்பதற்கு ஒரு பால்யகாலக் காயம், ஒரு துரோகம், பெரும்பாலும் ஒரு பெண்ணின் மேல் போடப்படும் பழி. காரணம் சொல்லப்பட்டதும் பார்வையாளன் சமாதானமாகிறான். தமிழ்ச் சொல்லாடலில் கொலைகாரன் ஒரு விளக்கம். இத்தாலியப் படத்தில் அவன் வெறும் முகமூடி.

சினிமா அரங்கையே பயத்தின் களமாக்கிய தமிழ்ப்படம் ஒன்று உண்டு. அஷ்வின் சரவணனின் 'மாயா' (2015). ஒரு பேய்ப்படத்தைத் தன்னந்தனியாகத் தியேட்டரில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தால் பரிசுப்பணம் என்று போட்டி அறிவிக்கிறார்கள். கைக்குழந்தையும் கடனுமாக நிற்கிற ஒரு நடிகை அந்தப் பணத்துக்காகப் போய் உட்காருகிறாள். இங்கேயும் யாரும் பயத்தை ருசிக்க வரவில்லை பாருங்கள். கடன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதால் அந்த இருட்டுக்குள் போகிறாள். நல்ல பேய்ப்படங்களின் கீழ்த்தளத்தில் ஒரு வட்டிக்கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும்.

சோவாவி 'டெலிரியா'வுக்கு முன்னால் நடித்த படமொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லாம்பெர்ட்டோ பாவாவின் 'டெமோன்ஸ்' (1985). பெர்லினில் ஒரு சினிமாத் தியேட்டர். பாதி முகம் மூடிய ஒருவன் இலவச டிக்கெட் கொடுக்கிறான். அது சோவாவிதான். உள்ளே போனவர்கள் மீது பேய் இறங்குகிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் பின்னால் சுவர். நிஜத்தில் சுவர் தேவைப்படவில்லை. டில்லியின் உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று மின்மாற்றியிலிருந்து கிளம்பிய தீயின் புகை பால்கனியில் ஏறியது. கூடுதல் இருக்கைகள் வழியை அடைத்திருந்தன. 59 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மூச்சுத்திணறி. அங்கே முகமூடி போட்ட யாரும் இல்லை. நாலு இருக்கை கூடப் போட்டால் நாலு டிக்கெட் கூட விற்கலாம் என்கிற கணக்குதான் இருந்தது.

5

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததும், தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், இரண்டுக்கும் லேபிள் ஒட்ட வேண்டி அச்சுத்தொழிலும் வளர்ந்ததும் பலமுறை எழுதப்பட்ட கதை. 'குட்டி ஜப்பான்' என்ற பட்டத்தோடு முடிகிற வெற்றிக்கதை அது. அதே பட்டத்தைத் தலைப்பில் வைத்துச் சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம், தீப்பெட்டி ஆபீசுக்கு விடியுமுன் வண்டியேறும் பிள்ளைகளைக் காட்டியது. வெற்றிக்கதையின் மறுபக்கம் அது.

எனக்கு இந்த மூன்று தொழில்களையும் இணைத்துப் பார்க்கத் தோன்றுவது வேறொரு சரடில். மூன்றுமே காட்சித் தொழில்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். நாடகத்தின் பின்திரையில் இருந்த அந்தக் கைதான் பிற்பாடு தெய்வப்படங்களாகச் சிவகாசி அச்சகங்களில் ஏறி, காலண்டராக வீடு வீடாகத் தொங்கியது. தெய்வம் காலண்டரில் மட்டும் நிற்கவில்லை, வெடிக்கும் வந்தது. லட்சுமி வெடியின் மேல் லட்சுமி சிரித்துக்கொண்டிருப்பாள். திரியைக் கொளுத்தி நாமே அவளைச் சுக்கல் சுக்கலாக்கிச் சந்தோஷப்படுவோம். ஆக, நாடகக் கொட்டகையும் பட்டாசுக் கட்டும் இந்தக் கரிசல் காட்டில் ஒரே காட்சிப் பண்பாட்டின் பிள்ளைகள்.

தீபாவளியன்று வெடிச்சத்தம் என்பது குறிப்பானாக இருந்தால், அதன் குறிப்பீடு மகிழ்ச்சி. இதே சத்தம் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களில் பகல்நேரத்தில் கேட்டால் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். 'எந்தப் பக்கம்? யாரு வீட்டு ஆளுக அங்க வேலைக்குப் போயிருக்காங்க?' இதுதான் முதல் கேள்வி. ஒரே குறி, இரண்டு வாசிப்பு. வாங்குகிறவனுக்கு நடிப்பு, செய்கிறவனுக்கு நிஜம். பீட்டரின் மேடையில் நடந்தது இதேதான்.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. தீபாவளிக்கு முந்தைய மும்முரம். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. முதல் வெடிப்பைக் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டார ஜனங்கள். பார்வையாளன் பத்திரமாக இருட்டில் உட்கார்ந்திருப்பான் என்பது அரங்கின் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் அன்றைக்குக் கிழிந்தது. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: அறைக்கு அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள், அளவுக்கு மேல் மருந்து, மரத்தடியில் வேலை, உள்குத்தகை. உரிமம் ஒருவர் பேரில், அறைகளை வாடகைக்கு எடுத்து நடத்துகிறவர் இன்னொருவர். நாடக இயக்குநரும் தயாரிப்பாளரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொள்ள வசதியான ஏற்பாடு.

வெடிமருந்து விதிகளைப் பாருங்கள். உற்பத்தி அறைக்குள் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு இடைவெளி, கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். சினிமாக் கொட்டகைகளுக்கான விதிகளையும் பாருங்கள். வெளியேறும் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், காட்சி நடக்கும்போது அவற்றைப் பூட்டக் கூடாது. பட்டாசு அறைக்கும் தியேட்டருக்கும் சட்டம் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதிவைத்திருக்கிறது. பயந்து ஓடும் உடல் கதவை இழுக்காது, தள்ளும். பின்னால் கூட்டம் நெருக்கும்போது உள்பக்கம் இழுத்துத் திறக்க இடம் இருக்காது. ஆகவே கதவு வெளியே திறக்க வேண்டும். பயம் எப்படி உடலில் வேலை செய்கிறது என்பதைப் பேய்ப்பட இயக்குநர்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தவர்கள் விதி எழுதியவர்கள். எந்த விதிக்குப் பின்னாலும் எங்கேயோ, எப்போதோ திறக்காத ஒரு கதவு இருக்கிறது.

6

பயமுறுத்துகிற கலைஞனின் பொறுப்பு என்ன என்ற கேள்வி நம் நாடக மரபுக்குப் புதுசில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இளமையில் எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேஷம் கட்டியவர். அவருடைய எமன் வேஷத்தைக் கண்டு நடுங்கிய ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோனதாகவும், சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் அவரைப் பார்த்த ஒரு பெண் அதிர்ச்சியில் இறந்ததாகவும், அதற்குப்பின் அவர் வேஷம் கட்டுவதையே நிறுத்திவிட்டு எழுத்துக்கும் பயிற்றுவிப்புக்கும் திரும்பியதாகவும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இதில் எவ்வளவு புனைவு என்பதல்ல எனக்கு முக்கியம். அப்படியொரு கதையைத் தமிழ் நாடக உலகம் தன் ஆசானைப் பற்றிப் பாதுகாத்துவைத்திருக்கிறது என்பதே முக்கியம். என் நடிப்பு ஓர் உயிரைக் குடித்தது என்று தெரிந்தால் நடிப்பை நிறுத்துவேன் என்று அது சொல்கிறது. பீட்டர் இதற்கு நேர் எதிர். ஓர் உயிர் போயிற்றா, போஸ்டரை மாற்று என்கிறவன்.

மரபைப் புனிதப்படுத்திவிட வேண்டாம். சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபாவும் பிற பாய்ஸ் கம்பெனிகளும் சிறுவர்களின் உழைப்பில்தான் நடந்தன. கட்டுப்பாடு, அடி, வீட்டு ஏக்கம், இரவோடிரவாக ஓடிப்போவது என்பதெல்லாம் அந்தக் கால நடிகர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயங்கள். பூட்டு அங்கேயும் இருந்தது. தீப்பெட்டி ஆபீசுக்கு வண்டியேறிய பிள்ளைகளுக்கு முன்னாலேயே மேடைக்கு வண்டியேறிய பிள்ளைகள் இருந்தார்கள்.

சிவகாசியில் பிறந்த இன்னொரு நடிகரையும் இங்கே நினைக்க வேண்டும். விசுவநாத தாஸ் (1886–1940). மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். அந்தச் சாதியின் பேரால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. முருகன் வேஷத்தில் நின்று தேசியப் பாட்டுகளைப் பாடியதற்காக மேடையிலேயே திரும்பத் திரும்பக் கைது செய்யப்பட்டார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில், மயில் மேல் அமர்ந்த முருகனாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிற்று. மேடையில் நிஜமாகவே நிகழ்ந்த சாவு அது. நடிப்பு என்று சபை ஒரு கணமாவது நினைத்திருக்காதா? இத்தாலியப் படத்தில் போலீஸ் வெளியே, காதில்லாமல். தாசின் மேடைக்கு முன்னால் போலீஸ் உள்ளே, காதைத் தீட்டிக்கொண்டு. எந்த அலறலைக் கேட்பது, எந்தப் பாட்டைக் கேட்பது என்பதை அதிகாரம் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஒரு நடிகனின் பாட்டைக் கேட்டுக் குறிப்பெடுக்க ஆள் அனுப்ப முடிந்த அரசு இயந்திரத்துக்கு, நாலுபேர் அறைக்குள் எத்தனைபேர் உட்கார்ந்து மருந்து செலுத்துகிறார்கள் என்று எண்ண மட்டும் எப்படி ஆள் பற்றாக்குறை வருகிறது?

7

இங்கே ஒரு ஆட்சேபணை எழும், எழ வேண்டும். செத்துப்போன மனிதர்களை ஒரு மூன்றாந்தரப் படத்தோடு வைத்துப் பேசுவது அவர்களை அவமதிப்பதாகாதா? எரிந்த உடல்களை உருவகமாக்குகிற எழுத்தும் ஒருவகைப் பீட்டர்தானே? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு மேலே போக முடியாது. என் பதில் இதுதான்: ஒப்புமை தேடுவதற்காக இந்த இரண்டையும் பக்கத்தில் வைக்கவில்லை. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பதற்காக வைத்தேன்.

வெட்டுப்படத்தில் தீமைக்கு ஓர் உடல் இருக்கிறது. அதைச் சுட்டுவிடலாம். சுட்டதும் விடிந்துவிடும். பூட்டியவனும் பிணங்களோடு பிணமாகிவிடுகிறான், ஆகவே அவனை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. மொத்தப் பழியும் பைத்தியக்காரனின் தலையில். இந்த வகைமையின் பொய் இங்கேதான் இருக்கிறது. அது நம்மைப் பயமுறுத்துவதில் பொய் இல்லை, ஆறுதல் சொல்வதில்தான் பொய். பட்டாசு அறையில் முகமூடிக்காரன் கிடையாது. மணிமருந்து உராய்ந்தது, வெயில் ஏறியது, கை தவறியது என்று இயற்கையே அந்தப் பாத்திரத்தை ஏற்கிறது. பத்திரிகை 'விபத்து' என்று எழுதுகிறது. போர்மேன் கைதாகிறார். நிவாரணத்தொகை அறிவிக்கப்படுகிறது. ஃப்ளாஷ்பேக் கேட்டுப் பழகிய நமக்கு, 'யாரோ அஜாக்கிரதையா இருந்திருக்காங்க' என்ற ஒரு வரி ஃப்ளாஷ்பேக் போதுமானதாகிவிடுகிறது. செத்தவளே கொலைகாரியாகவும் ஆக்கப்படுகிறாள். இத்தாலிக்காரன்கூட அந்த அளவுக்குப் போகவில்லை.

கடைசிப் பெண்ணும் இங்கே வேறு ஆள். படத்தில் அவள் தப்பித்தால் கதை முடிந்தது. இங்கே தப்பித்தவள் தீக்காயத்தோடு ஊர் திரும்பி, ஆறின பிறகு மறுபடியும் அதே வேனில் ஏற வேண்டியிருக்கிறது. மழை பார்த்த பூமி, மகளிர் குழுக் கடன், பிள்ளை படிப்பு. 'பயமா இல்லையாக்கா' என்று கேட்டால், 'பயந்தா அடுப்பு எரியுமா' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பயம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. டிக்கெட் வாங்கி அனுபவிக்கிற வகைப் பயம் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

பிறகு எதற்காக இந்தப் படத்தைப் பார்ப்பது? ஒரே ஒரு காட்சிக்காக. கொலைஞனின் காலடியில், பலகை இடுக்கில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் சாவி கிடக்கிறது. அது எங்கும் தொலைந்துபோகவில்லை. நம் மாவட்டத்திலும் அது அச்சடித்த விதிப் புத்தகத்தில் எண் போட்டுக் கிடக்கிறது: அறைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து, வெளிப்புறமாகத் திறக்கும் கதவு. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அச்சக நண்பர் கேட்ட கேள்வியை ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்குப் பிறகும், அடுத்த தீபாவளி வந்து அதை மூழ்கடித்துவிடாதபடி, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.